பால் பொங்கிரும், பாத்துக்கோ

அந்தப் பேனரைப் பார்க்கக் கூடாது என்றுதான் ஜெயக்கொடி டீச்சர் வந்து உட்கார்ந்ததிலிருந்து முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். பார்க்காமல் இருக்க விட்டால்தானே! பள்ளிக்கூட நூலகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி அலமாரி, கண்ணாடியில் எல்லாம் அந்தப் பேனர், எழுத்து இடவலமாகப் புரண்டு அவளையே முறைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஞானப்பூ அக்காவின் படம். ரிட்டயர் ஆன அன்று எடுத்தது. மாலை கழுத்தில் உறுத்துகிறது என்று முகத்தைச் சுளித்திருந்தாள், அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தேய்த்துச் சிரிக்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். படத்துக்குக் கீழே ரோஸ் நிறத்தில் பெரிய எழுத்து: ‘பார்த்துக்கொள்ளுங்கள்.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில்: ‘எங்கள் நூலக அன்னையின் இறுதிச் சொல்.’ இறுதிச் சொல்லாம். கதையைப் பாரு. அது அக்கா சொன்னதே இல்லை. ஜெயக்கொடி சொன்னது. அதுவும் பாலுக்குச் சொன்னது. அடக்கம் முடிந்த மறுநாள், வீடு நிறைய ஆள், பக்கத்து வீட்டு முத்துச்செல்வி வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், தலைமையாசிரியை ஷீபா இவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “கடைசியா என்ன சொன்னாங்க டீச்சர்?” என்று கேட்கிறாள். ஷீபாவின் தோளுக்கு மேலே ஜெயக்கொடிக்குப் பால் தெரிகிறது. ஆடை கட்டி, ஓரம் கிளம்பி, இதோ வழியப்போகிறது. “பொங்கிரும், பாத்துக்கோ” என்றாள், முத்துச்செல்வியிடம். பொங்கிரும் என்றது யாரோ அழுத சத்தத்தில் போய்விட்டது. பாத்துக்கோ மட்டும் ஷீபா காதில் விழுந்தது. அவ்வளவுதான். “பாத்துக்கோன்னா சொன்னாங்க? ஸ்கூலையா டீச்சர், எங்களையா?” என்று இவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்படி அழுகிறவளிடம் ‘இல்லம்மா, அது பால்’ என்று எந்த வாயால் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். பிறகு பார்த்தால் ஒரு ‘ங்கள்’ போட்டு, மரியாதை எல்லாம் சேர்த்து, பேனரே அடித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள்.

“நீங்கதான் கடைசி. ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்” என்று ஷீபா காதோரம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரெண்டு வார்த்தை! மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து மைக் இல்லாமல் திருப்பியவளுக்கு ரெண்டு வார்த்தை பேச வராதா? வரும். ‘அது பால்’ என்று சொல்ல வேண்டும், சொல்லிவிடுவதென்று ஆட்டோவில் வரும்போதே தீர்மானம் பண்ணியாயிற்று. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி கேட்பார்களே. அப்படியென்றால் அவர்கள் நிஜமாகக் கடைசியாக என்னதான் சொன்னார்கள்? அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவாள்? அதை நினைத்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தாளாளர் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளிக்குத் தான் புதுக் கட்டடம் கட்டியதில் தொடங்கி, அந்தக் கட்டடத்தின் மாடிப்படி வழியாக ஒருவழியாக ஞானப்பூ டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தார். “அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர்” என்றார். யாரு, அக்காவா? ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவள் அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். பக்கத்தை மடித்து வைத்த பிள்ளையை இந்த அறையிலிருந்து படிக்கட்டு வரைக்கும் விரட்டின ஆள்! இவரே சின்னத் தாளாளராக வந்த புதிதில் அலமாரியை எல்லாம் பூட்டி வைக்கச் சொன்னபோது, “பூட்டி வைக்கதுக்கு இது என்ன நகைக்கடையா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டாளே, அது அதிராத பேச்சா? சாவிக்கொத்தைக் கொண்டுபோய் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாவி துருப்பிடித்துத் தொங்குகிறது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் புத்தகம் குறைகிறதே, தொலைந்துபோயிற்றா என்று கேட்டதற்கு, “தொலையலை சார், வாசிச்சிட்டு இருக்காவ” என்றாள். அவர் என்ன எழுதுவது என்று தெரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அக்காவை அவள் முதலில் பார்த்ததே சண்டையில்தான். அப்போது ஜெயக்கொடி புதிதாகச் சேர்ந்த டிரில் டீச்சர், மெலிசாக, கறுப்பாக, கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஊருக்கே தான்தான் கேப்டன் என்கிற நினைப்பு. வயிற்றுவலி என்று வந்த பெண்பிள்ளையை வெயிலில் நிறுத்தக் கூடாது, மைதானத்திலோ ஒரு மரம் கிடையாது, மாடியில் நூலகத்தில் போய் உட்காரு என்று அவளேதான் அனுப்பினாள். முதலில் ஒருத்தி போனாள். பிறகு ரெண்டு மூணு பேர். கொஞ்ச நாளில் பார்த்தால் வகுப்பில் பாதிக்கு வயிற்றுவலி, எறிபந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்க ஆள் இல்லை. இது என்ன கூத்து என்று மாடியேறி வந்தால், இந்த ஜன்னல் ஓரம் முழுக்க வயிற்றுவலிக்காரிகள், ஆளுக்கொரு புத்தகம், தலை நிமிர்வேனா என்கிறார்கள். கோபத்தில் விசிலை வாயில் வைத்து ஊதியேவிட்டாள். நூலகத்துக்குள்ளே! பிள்ளைகள் எல்லாம் எழுந்து அட்டென்ஷனில் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஏட்டி, எல்லாப் புத்தகமும் முழிச்சிட்டு. இனி நீயே தூங்க வை” என்றாள். சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டு விட்டது. அதற்குப் பிறகு எங்கே சண்டை போட? அன்றைக்குச் சாயந்திரம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள். “எங்க தங்கியிருக்கே?” “ஹாஸ்டல்ல, யக்கா. சாம்பார்னு ஒண்ணு ஊத்துதாவ.” “எங்கூட வந்து இரேன். பெரிய வீடு, ஒத்தையில சத்தமே இல்லாம கெடக்கு. நீ வந்தா சத்தத்துக்குக் குறைவிருக்காது.” இப்படிப் போனவள்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போனபோது ரெண்டு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் நினைத்தாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு புத்தகம் மட்டும் அக்கா யாருக்கும் கொடுக்க மாட்டாள். பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, ஏதோ துப்பறியும் கதை, அட்டை கிழிந்தது, பக்கத்துக்குப் பக்கம் மூலை மடிந்திருக்கும். ஒரு நாள் ஜெயக்கொடி நல்லது செய்கிறோம் என்று நினைத்து அந்த மடிப்பை எல்லாம் நீவிவிட உட்கார்ந்தாள். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினாள். “அது அவர் மடிச்சது” என்றாள். அவர் என்றால் ரயில்வேயில் இருந்த மாப்பிள்ளை, கட்டி மூணு வருஷம் முடியவில்லை, டைபாய்டில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி அந்த ஒரு வார்த்தைதான். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பக்கத்தை மடித்ததற்காக விரட்டியவள், ஒரே ஒருத்தருக்கு மட்டும் மன்னிப்பு கொடுத்து அதையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடிக்கு அன்று பொறாமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்த மனுஷனிடம் என்ன பொறாமை, சவத்த விடு என்று போய் வாளித் தண்ணீரை எடுத்து முற்றம் முழுக்கத் தெளித்தாள். அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் போட்டு வாசிப்பாள், இவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்பாள், பாதியில் தூங்கிவிடுவாள். மறுநாள் அக்கா விட்ட இடத்தில் தொடங்காமல் இவள் தூங்கின இடத்திலிருந்து தொடங்குவாள். எப்படித்தான் தெரியுமோ! அப்படி ஒரு கதையை அவர்கள் மழைக்காலத்தில் தொடங்கி மாம்பழக் காலம் வரைக்கும் வாசித்திருக்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அக்கா தினமும் காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள், சம்பளமும் கிடையாது சாப்பாடும் கிடையாது, அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்த நூலகப் பெண் தலையில் அடித்துக்கொள்ளும். கண் மங்கிப் படியேற முடியாமல் ஆனபோதுதான் நின்றாள். அப்புறம் வாசிக்கிற வேலை ஜெயக்கொடி தலையில் விழுந்தது. ஐயோ, அது ஒரு கூத்து. பேப்பரைக் கையில் எடுத்தால் இவளுக்கு டிரில் குரல்தான் வரும். “நிறுத்தி வாசிட்டி. இது என்ன ஓட்டப்பந்தயமா? கமா வந்தா மூச்சு விடணும்” என்பாள் அக்கா. கமாவைத் தேடித் தேடி மூச்சு விட்டு வாசிக்கப் பழகியபோது ஜெயக்கொடிக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது. படித்த காலத்தில் வராத படிப்பு. அதுவும் அக்காவுக்காக வந்த படிப்பு, இப்போது பேப்பர் வாசலில் வந்து விழுகிறது, யாருக்கு வாசிக்க?

தாளாளர் உட்கார்ந்தார். கை தட்டினார்கள். நினைவுக் கூட்டத்தில் கை தட்டலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சத்தமும் பிடிப்பதில்லை இப்போது. அன்றைக்கும் சத்தம்தான். காலையில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். “கொடி” என்று கூப்பிட்டது கேட்டது. கொடி என்பது நன்றாகக் கேட்டது, அதில் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு ஏதோ சொன்னாள், அது மிக்சிக்குள் போய்விட்டது. ஒரு நிமிஷம் அணைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். கை சுவிட்ச் மேலேயேதான் இருந்தது. “சரிக்கா, சரி” என்று கத்திவிட்டாள். என்ன என்று கேட்கவில்லை. அக்கா எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டுதானே இருப்பாள், எல்லாவற்றுக்கும் சரி சொல்லியே பழகிவிட்டது. சட்னியைத் தாளித்து, இட்லியை எடுத்து வைத்து, தட்டோடு போனால் அக்கா தலையை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தாள். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு “யக்கா, ஆறிரும்” என்றாள். ரெண்டு தடவை சொன்னாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிப் போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இருக்கட்டும். ஆனால் என்ன சொன்னாள்? எதற்குச் சரி என்றாள் இவள்? காத்தாடியைக் கூட்டு என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அன்றைக்குப் புழுக்கம். இல்லை, சட்னியில் மிளகாயைக் குறை என்று சொல்லியிருக்கலாம், அதைத் தினமும் சொல்லுவாள். பேப்பர்க்காரன் வந்துவிட்டானா என்று கேட்டிருந்தால் சரி என்பது பொருத்தமான பதில்கூட இல்லை, அதற்கு அக்காவிடமிருந்து ஏதாவது கிண்டல் வந்திருக்கும். கிண்டல் வரவில்லையே. ஏன் வரவில்லை? இந்த இடத்தில் வந்து நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொள்ளும். ‘கொடி, நெஞ்சு என்னமோ செய்யுது’ என்று சொல்லியிருந்தால்? அதற்கா சரிக்கா சரி என்று கத்தினாள்? நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னவளுக்குச் சரி என்று சொல்லிவிட்டுக் கடுகைத் தேடிக்கொண்டிருந்தாளா?

போன வாரம் முத்துச்செல்வியைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். “நான் மிக்சியைப் போடுதேன். நீ இருந்த இடத்துலயே இருந்து ஒண்ணொண்ணாச் சொல்லு” என்றாள். “என்ன ஆச்சி சொல்ல?” “காத்தாடியக் கூட்டுன்னு சொல்லு.” சொன்னாள். கேட்கவில்லை. தண்ணி கொண்டா என்று சொல்லச் சொன்னாள். கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நெஞ்சு என்னமோ செய்யுது என்று சொல்லு என்றாள். அந்தப் பெண் அப்படியே எழுந்துவிட்டாள். “போங்க ஆச்சி, அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு பயமா இருக்கு” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வெறும் மிக்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றும் போடவில்லை. அன்றே அதைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். இப்போது இட்லிக்குப் பொடிதான். எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாதபோது என்ன செய்வது? எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். மிளகாயைக் குறைத்தாள். தொட்டிக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர், பூனைக்குப் பால், அந்த மடித்த புத்தகத்துக்குத் தலையணை பக்கத்திலேயே இடம். எதுவாக இருந்தாலும் செய்துவிட்டதாக இருக்கட்டும் என்று. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்தால், செய்யாமல் விட்டது ஒன்று வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிற மாதிரியே இருக்கிறது.

“எனக்கு அடுத்ததா கொடி டீச்சர் பேசணும், அதனால சுருக்கமா முடிச்சிருதேன்” என்று யாரோ சொல்வது கேட்டு நிமிர்ந்தாள். இசக்கியம்மாள். பழைய மாணவி, தொடக்கப்பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கிறாள், கண்ணாடி, நரை, இருந்தாலும் அந்தப் பல் வரிசை அப்படியே இருக்கிறது. எறிபந்தில் நல்ல கை, அதை வீணாக்கிவிட்டாள். “முதல்ல நான் கொடி டீச்சருக்கு ஒரு உண்மை சொல்லணும்” என்றாள். “டீச்சர், எனக்கு அன்னைக்கெல்லாம் வயித்துவலி இல்லை.” கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாளாளர்கூடச் சிரித்தார். ஜெயக்கொடிக்கு உதட்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை. “எனக்குத் தெரியாதாக்கும்!” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் விட்டாள், மைக் தோற்றது. மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் இசக்கியம்மாள் குரல் மாறியது. “எங்க வீட்டுல வாசிக்க விடமாட்டாவ. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன புஸ்தகம்னு பிடுங்கிருவாவ. ஞானப்பூ டீச்சர்கிட்ட ஒரு நாள் அழுதேன். மறுநாள்லேருந்து நான் பாதியில விட்டுட்டுப் போற புஸ்தகத்தை அலமாரியில வைக்காம, விட்ட பக்கத்துலயே விரிச்சு, ஜன்னல்ல கவுத்திப் போட்டே வச்சிருப்பாங்க. யாரும் எடுக்கக் கூடாது. லீவு விட்டுட்டு வந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும். நான் வந்து எடுக்கிற வரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.” இசக்கியம்மாள் பேனரைப் பார்த்துக் கையைக் காட்டி, “டீச்சர் கடைசியா சொன்னதும் அதுதானே. வேற என்னத்தைச் சொல்லுவாங்க?” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வேற என்னத்தைச் சொல்லுவாங்க. ஜெயக்கொடி எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, ஒரு காலத்தில் இந்தக் காலை வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறாள். ஷீபா ஓடி வந்து கையைப் பிடித்தாள், இவள் விடுவித்துக்கொண்டாள். தானே நடந்தாள். அது பால், அது பால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள், மறந்துவிடக் கூடாது. மைக் முன்னால் நின்றதும் பேனர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, அப்பாடா என்றிருந்தது. ஆனால் எதிர்ச்சுவரில் அலமாரிக் கண்ணாடி. அதில் அக்கா, தேய்த்துச் சிரிக்க வைத்த முகம் இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை, கண்ணாடியும் கொண்டையும் தோளும் மட்டும் தெரிந்தது, வீட்டில் எதிர் நாற்காலியில் பேப்பர் கேட்க உட்கார்ந்திருப்பாளே, அந்த இருப்பு. கீழே அந்தச் சொல் இடம்வலம் மாறிக் கிடந்தது. புரண்டு கிடக்கிற எழுத்தைப் படிப்பது இவளுக்கு இன்னும் கஷ்டம். இருந்தாலும் படித்தாள். வலமிருந்து தொடங்கினாள். பா. ர். த்து. நிறுத்தி வாசிட்டி. க்கொ. ள். மூச்சு விட்டாள். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. யாரோ எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்கள், அறையில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. பால் என்பது நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்தாள்.

“சரிக்கா” என்றாள்.

மைக்கில் அது அறை முழுக்கக் கேட்டது. ரெண்டு வார்த்தை கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான் என்று தலையை ஆட்டிவிட்டு, ஜெயக்கொடி டீச்சர் மெல்ல நடந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்து போகிற வழியில் ஜன்னலில் யாரோ ஒரு பிள்ளை பாதியில் விட்டுப் போன புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. அதை எடுத்து, பக்கம் மடியாமல், கவுத்தி வைத்துவிட்டுத்தான் போனாள்.